குரலை உயர்த்தாத கோச்: டோனி டஞ்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோனி டஞ்சி யார்? ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பௌலை ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் வென்றவர்கள் மிகச் சிலர். டாம் ஃபுளோரஸ், மைக் டிட்கா ஆகியோருக்குப் பிறகு அந்த வரிசையில் மூன்றாவதாக வந்தவர் டஞ்சி. சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரும் அவர்தான். பிறந்தது 1955 அக்டோபர் 6, மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரில். 1978 சீசனில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடி ஜெயித்தார். 2006 சீசனில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குப் பயிற்சி தந்து ஜெயித்தார். இடையில் இருந்த 28 வருடம்தான் சுவாரஸ்யமான பகுதி.

பெயரை எப்படி உச்சரிப்பது?

டங்கி இல்லை, டஞ்சி. ராஞ்சிக்கார டோனியைத் தேடி இங்கே வந்துவிட்டவர்கள் மன்னிக்கவும். ஆனால் களத்தில் முகத்தைக் கல்லாக வைத்திருப்பதில் இருவரும் ஒரே ஜாதகம்தான்.

எனக்கு இந்த விளையாட்டே தெரியாது. படித்தால் புரியுமா?

நான்கு விஷயம் போதும். ஒரு பக்கம் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், அணியின் மூளை. அவர் எறிவதைத் தடுக்க எல்லோருக்கும் பின்னால் நிற்கும் காவல்காரர்கள் சேஃப்டி. எறிந்த பந்தை எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். டஞ்சி கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்து தொழில்முறை ஆட்டத்தில் சேஃப்டி ஆனவர். எறிபவனாக இருந்தவன் பிடுங்குபவனாக மாறினான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பின்னணி?

வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அப்பா வில்பர் கல்லூரியில் அறிவியல் பேராசிரியர். அம்மா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். ஷேக்ஸ்பியர் என்றால் உயிர்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராணுவத்தில் கறுப்பர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லித்தர மறுத்த காலத்தில் நாங்களே கற்றுக்கொண்டோம் என்று அவர் மகனிடம் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற கறுப்பின விமானப் படையான டஸ்கீகி பிரிவில் அப்பா இருந்தார் என்பது 2004-ல் அவருடைய இறுதிச் சடங்கில்தான் டஞ்சிக்குத் தெரிய வந்தது. மகன் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

கல்லூரியில் அவ்வளவு நன்றாக ஆடியவரை என்.எஃப்.எல். ஏன் எடுக்கவில்லை?

1973 முதல் 1976 வரை மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். படிப்பை முடித்து வெளியேறியபோது அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிக எறிதல், அதிக கெஜம், அதிக டச்டவுன் பாஸ் (பந்தை எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுத்த எறிதல்) எல்லாம் அவர் பெயரில்தான் இருந்தன. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 1977 டிராஃப்டில் 12 சுற்றுகள். ஒரு அணியும் கூப்பிடவில்லை.

காரணத்தைச் சுற்றி வளைக்க வேண்டாம். குவார்ட்டர்பேக் என்றால் தலைமை, மூளை. அது வெள்ளையர் இடம் என்ற எண்ணம் அன்று லீக் முழுக்கப் பரவியிருந்தது. கல்லூரியில் அந்த இடத்தில் ஜொலித்த கறுப்பின இளைஞர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் வாரன் மூனுக்கும் இதே கதிதான். அவர் இடத்தை மாற்றிக்கொள்ள மறுத்துக் கனடா லீக்குக்குப் போய் ஐந்து கோப்பை வென்று, பிறகு திரும்பி வந்து என்.எஃப்.எல்.லிலும் பெரிய பெயர் எடுத்தார். டஞ்சி வேறு வழி எடுத்தார். மினசோட்டாவில் உதவிப் பயிற்சியாளராக இருந்த டாம் மூர் அப்போது ஸ்டீலர்ஸுக்குப் போயிருந்தார். அந்தத் தொடர்பில் ஸ்டீலர்ஸ் கூப்பிட்டது. இடத்தை மாற்றிக்கொண்டால் வேலை உண்டு என்றார்கள். மாற்றிக்கொண்டார்.

ஒரே ஆட்டத்தில் இன்டர்செப்ஷன் எறிந்தும் பிடித்தும் இருக்கிறாராமே?

ஆமாம். 1977 அக்டோபர், ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கு எதிரான ஆட்டம். குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷாவுக்குக் காயம். பதிலாக இறங்கிய மைக் க்ரூசெக்குக்கும் காயம். மூன்றாவது ஆள் இல்லை. டிஃபென்ஸில் ஆடிக்கொண்டிருந்த டஞ்சியை இழுத்து நிறுத்தினார்கள். அன்றைக்குப் பந்தையும் பிடுங்கினார், அவர் எறிந்ததும் பிடுங்கப்பட்டது. ஸ்டீலர்ஸ் தோற்றது. எந்த இடத்துக்கு லாயக்கில்லை என்று லீக் சொன்னதோ, அந்த இடத்தில் வேறு ஆளில்லாத நாளில் மட்டும் நிற்க வைத்தார்கள். இதை அவர் புகாராகச் சொல்லி நான் கேட்டதில்லை, புகார் என்னுடையது.

ஆட்டக்காரராக எவ்வளவு நல்லவர்?

நேர்மையாகச் சொன்னால், சுமாருக்கு மேல், நட்சத்திரத்துக்குக் கீழ். கால் வேகம் போதாது, தலை வேகம் உண்டு. 1978-ல் அந்த அணியிலேயே அதிகமாக 6 இன்டர்செப்ஷன் அவருடையது. ஜாம்பவான்கள் நிறைந்த டிஃபென்ஸில் அது சின்ன விஷயமில்லை.

1979 ஜனவரி 21, மயாமி. டல்லாஸ் கௌபாய்ஸுக்கு எதிராக 13-வது சூப்பர் பௌல். கடைசிக் கால் பகுதியில் ஸ்டீலர்ஸ் உதைத்த பந்து சறுக்கிப்போய், கையில் கட்டுப் போட்டிருந்த டல்லாஸின் ராண்டி வைட்டிடம் சென்றது. அவர் அதை இடுக்கிக்கொள்ளும் முன்பே டஞ்சி மோதினார். பந்து நழுவியது, ஸ்டீலர்ஸ் எடுத்தது, அடுத்த எறியிலேயே டச்டவுன். முடிவு 35–31. ஜெயித்த வித்தியாசம் 4 புள்ளி என்பதை மறக்காமல் அந்த மோதலைப் பாருங்கள். தொலைக்காட்சியில் இரண்டு நொடிகூட வராது.

அப்புறம் ஏன் சீக்கிரம் ஓய்வு பெற்றார்?

ஓய்வு பெறவில்லை, கழற்றிவிட்டார்கள். 1979-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றினார்கள். அங்கே பில் வால்ஷின் முதல் சீசன், 16 ஆட்டத்தில் 2 வெற்றி. 1980-ல் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு மாற்றினார்கள். சீசன் தொடங்குமுன் அவர்களும் வேண்டாம் என்றார்கள். வயது 24.

பயிற்சியாளர் ஆனது எப்படி?

ஸ்டீலர்ஸ் கோச் சக் நோலிடம் ஒரு பழக்கம். ஃபுட்பால் உன் வாழ்நாள் வேலை இல்லை, அதைத் தேடிக்கொள் என்று ஆட்டக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருவரை அணியிலிருந்து அனுப்பும்போதும் அதே வாசகம்தான். வேடிக்கை என்னவென்றால், டஞ்சிக்கு மட்டும் வாழ்நாள் வேலையை நோலே கொடுத்தார். மினசோட்டாவில் ஒரு வருடம் உதவியாளராக இருந்தவரை 1981-ல் ஸ்டீலர்ஸுக்கு அழைத்துக்கொண்டார். 25 வயது. தன்னோடு ஒரே அறையில் உடை மாற்றிய ஆட்டக்காரர்களுக்கே பாடம் எடுக்க வேண்டிய நிலைமை. 1984-ல், 28 வயதில், டிஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பாளர் ஆனார்.

1988-ல் அணி 5–11 என்று, அதாவது 5 வெற்றி, 11 தோல்வி என்று சரிந்தபோது ஒரு படி கீழே இறங்கச் சொன்னார்கள். இறங்காமல் வெளியேறினார். கன்சாஸ் சிட்டியில் மார்ட்டி ஷாட்டன்ஹைமரிடம் மூன்று வருடம், பிறகு மினசோட்டா வைக்கிங்ஸில் டென்னிஸ் கிரீனிடம் நான்கு வருடம். தலைமைப் பதவிக்குப் பல அணிகள் நேர்காணலுக்குக் கூப்பிட்டு, கை குலுக்கி அனுப்பி வைத்தன. நவீன காலத்தில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் வந்ததே 1989-ல்தான் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கடைசியில் யார் கொடுத்தார்கள்?

யாரும் போக விரும்பாத அணி. டாம்பா பே பக்கனியர்ஸ், 1996. அதற்கு முந்தைய 13 சீசனில் ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை. டஞ்சி வந்த பிறகும் முதல் 9 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. வேறு ஒருவராக இருந்தால் திட்டப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டிருப்பார். இவர் அதே பாடத்தை மறுபடி நடத்தினார். மீதி 7-ல் 5 ஜெயித்தார்கள். அடுத்த வருடம் 10–6, 1982-க்குப் பிறகு முதன்முறையாக பிளே-ஆஃப்.

டாம்பா 2 என்றால் என்ன? எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் விளக்குவதில்லை.

மைதானத்தின் பின்பகுதியை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாக இரண்டு சேஃப்டிகள் காப்பது பழைய முறை. அதில் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு பாயை அடுத்தடுத்து விரித்தால் நடுவில் சந்து விழுமே, அதுபோல இருவருக்கும் நடுவே ஆழத்தில் ஒரு இடைவெளி. கெட்டிக்காரக் குவார்ட்டர்பேக் அங்கேதான் எறிவார். டாம்பா 2-ல் நடு லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர், பந்து அசைந்ததும் திரும்பிப் பின்னால் ஓடி அந்தச் சந்தை அடைப்பார். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நெருக்கும் வேலை முன்வரிசை நால்வருக்கு மட்டும். மற்ற எழுவரும் பந்தைப் பார்த்தபடி நின்று, வந்ததும் பாய்வார்கள்.

இதற்குத் தடியர்கள் வேண்டாம், ஓடுபவர்கள் வேண்டும். வாரன் சாப், டெரிக் புரூக்ஸ், ஜான் லின்ச், ரோண்டே பார்பர் என்று அமைந்தார்கள். டிஃபென்ஸ் பொறுப்பாளர் மாண்டி கிஃபின். பெயர்தான் டாம்பா, சரக்கு 1970-களின் பிட்ஸ்பர்க், தான் ஆட்டக்காரராக இருந்தபோது கையில் வைத்திருந்த திட்டப் புத்தகம்தான் அது என்று டஞ்சியே சொல்லியிருக்கிறார்.

அவருடைய சூத்திரம் இதுதான்: எண்ணிக்கையில் குறைவான திட்டங்கள், அவற்றை யோசிக்காமல் செய்யும் வரை பயிற்சி. யோசிக்கிற நேரத்தில் எதிராளி அரை கெஜம் முந்திவிடுவான். எதிரணிக்கும் தெரியும் இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று. தெரிந்தும் தடுக்க முடியாத வேகத்தில் செய்வதுதான் திட்டம்.

அப்படியானால் டாம்பாவில் ஏன் கோப்பை வரவில்லை?

தாக்குதல் பக்கம் பலவீனம். 1999 சீசனில் இறுதிக்கு ஒரு படி முன்பு செயின்ட் லூயிஸ் ராம்ஸிடம் 11–6 என்று தோற்றார்கள். அன்று லீக்கையே கலக்கிய ராம்ஸை 11 புள்ளியில் நிறுத்திவிட்டு, பதிலுக்கு ஒரு டச்டவுன்கூட எடுக்க முடியவில்லை. கடைசி நிமிடத்தில் பெர்ட் இமானுவல் பிடித்த பந்தை ரீப்ளே பார்த்து ரத்து செய்தார்கள். பந்து தரையைத் தொட்டாலும் கையில் பிடி நழுவாவிட்டால் செல்லும் என்று பிறகு விதியைத் தெளிவுபடுத்தினார்கள். நமக்கு வேண்டிய நேரத்தில் இல்லாத விதி.

அடுத்த இரண்டு வருடமும் ஃபிலடெல்ஃபியாவிடம் முதல் பிளே-ஆஃப் ஆட்டத்திலேயே தோல்வி. 2002 ஜனவரி 14-ல் டஞ்சியை வெளியேற்றினார்கள்.

அடுத்த வருடமே டாம்பா ஜெயித்தது. அது டஞ்சியின் கோப்பையா, ஜான் க்ரூடனின் கோப்பையா?

இந்தக் கேள்விக்குச் சண்டை போடாத டாம்பா ரசிகர் இல்லை. ஓக்லாண்டின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த க்ரூடனை டஞ்சியின் இடத்துக்கு எடுக்க, டிராஃப்டில் தங்களுக்கு உரிய இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே 80 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2003 ஜனவரியில் சூப்பர் பௌலில் அதே ஓக்லாண்டை 48–21 என்று நொறுக்கினார்கள். டிஃபென்ஸ் அப்படியே டஞ்சி கட்டியது. தாக்குதலுக்குச் சூடு ஏற்றியவர் க்ரூடன். என் கணக்கில், வீட்டைக் கட்டியவர் ஒருவர், கிரகப்பிரவேசம் செய்தவர் இன்னொருவர். ஆனால் டஞ்சி இருந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். முந்தைய மூன்று பிளே-ஆஃப் தோல்விகளிலும் அந்த அணி எடுத்த புள்ளிகள் 6, 3, 9.

ரூனி விதிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

தொடர்ந்து மூன்று வருடம் பிளே-ஆஃப் போன டஞ்சி, வைக்கிங்ஸில் பத்து வருடம் நன்றாக நடத்திய டென்னிஸ் கிரீன் இருவரும் ஒரே மாதத்தில் வேலை இழந்தார்கள். அதையொட்டி வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும் அறிக்கை வெளியிட்டு லீக்கை நெருக்கினார்கள். 2003-ல் விதி வந்தது: தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆக வேண்டும். பெயர் வந்தது ஸ்டீலர்ஸ் உரிமையாளர் டான் ரூனியிடமிருந்து, அதாவது டஞ்சியின் முதல் முதலாளியிடமிருந்து. விதி சாதித்தது எவ்வளவு என்பது தனிக் கதை. நேர்காணலை ஒப்புக்கு நடத்த முடியும் என்பது டஞ்சிக்கே தெரிந்த விஷயம்தானே.

கோல்ட்ஸ் அணிக்கு எப்படிப் போனார்?

டாம்பா வெளியேற்றிய அதே மாதத்தில் உரிமையாளர் ஜிம் அர்ஸே கூப்பிட்டுவிட்டார். அங்கே பெய்ட்டன் மேனிங் என்ற மாபெரும் குவார்ட்டர்பேக் தயாராக இருந்தார். தாக்குதல் பொறுப்பில் யார் தெரியுமா? அதே டாம் மூர்.

2003 அக்டோபர் 6, டஞ்சியின் 48-வது பிறந்தநாள். ஆட்டம் டாம்பாவில், தன்னை வெளியேற்றிய ஊரில். நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது 35–14 என்று பின்தங்கியிருந்தார்கள். மூன்று டச்டவுன் அடித்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வெற்றிப் புள்ளிக்காகக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த பந்து விலகிப் போக, டாம்பா செய்த தவறால் மறு உதை கிடைக்க, அது ஒருவர் கையில் பட்டு, கம்பத்தில் மோதி, உள்ளே விழுந்தது. 38–35. கேமரா டஞ்சியைக் காட்டியது. வழக்கமான அதே முகம்.

2005-ல் என்ன நடந்தது?

முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். 14-வதில் தோற்ற சில நாட்களில், டிசம்பர் 22 அன்று, டஞ்சியின் 18 வயது மகன் தற்கொலை செய்துகொண்டார். ஒரு வார காலத்தில் டஞ்சி அணிக்குத் திரும்பினார். மகன் ஏன் அப்படிச் செய்தார் என்று அவரால் விளக்க முடியவில்லை, விளக்க முயலவும் இல்லை. மகனின் கருவிழிகள் இருவருக்குப் பார்வை தந்ததைப் பொதுமேடையில் சொன்னார். பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு எழுதுவதையும் பேசுவதையும் பல வருடம் செய்தார். அந்த சீசன் ஸ்டீலர்ஸிடம் 21–18 என்ற தோல்வியில் முடிந்தது. அதைப் பற்றி எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை.

2006-ல் ஓட்டத்தைத் தடுப்பதில் நாட்டிலேயே மோசமான டிஃபென்ஸை வைத்து எப்படி ஜெயித்தார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பந்தைக் கையில் வைத்து ஓடும் ஆட்டத்தைத் தடுப்பதில் அந்த வருடம் கோல்ட்ஸ் 32 அணிகளில் 32-வது. ஆட்டத்துக்கு சராசரி 173 கெஜம் விட்டார்கள். டிசம்பரில் ஜாக்சன்வில் ஒரே நாளில் 375 கெஜம் ஓடியது. டிஃபென்ஸ் நிபுணர் என்று பெயரெடுத்தவருக்கு இதைவிட அவமானம் வேண்டாம். திட்டத்தை மாற்று, ஆளை மாற்று என்று தொலைக்காட்சியில் தினமும் பஞ்சாயத்து.

அவர் எதையும் மாற்றவில்லை. நம் வேலையை நாம் சரியாகச் செய்யவில்லை, அவ்வளவுதான் என்றார். காயத்திலிருந்து சேஃப்டி பாப் சாண்டர்ஸ் திரும்பி வந்தார். முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தில் லீக்கின் பெரிய ஓட்டக்காரர்களில் ஒருவரான லாரி ஜான்சனை 32 கெஜத்தில் நிறுத்தினார்கள். கன்சாஸ் சிட்டிக்கு முதல் பாதி முழுக்க ஒரு முறைகூட அந்த 10 கெஜத்தைத் தாண்ட முடியவில்லை. அடுத்து பால்டிமோர் 15–6.

பிறகு நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். 2003, 2004 இரண்டு சீசனிலும் பிளே-ஆஃபில் இவர்களை வீட்டுக்கு அனுப்பிய அணி. 21–3 என்று பின்தங்கினார்கள். இடைவேளையில் இது நம் நேரம் என்று மட்டும் சொன்னார், கத்தவில்லை. மேனிங் ஒரு நிமிடம் மிச்சமிருக்கையில் 80 கெஜப் பயணத்தை முடித்தார். டாம் பிராடியின் கடைசி எறியை மார்லின் ஜாக்சன் பிடித்தார். 38–34.

அந்த சூப்பர் பௌலின் சிறப்பு என்ன?

2007 பிப்ரவரி 4, மயாமி, கொட்டும் மழை. எதிரே சிகாகோ பேர்ஸ். அவர்களுடைய கோச் லவ்வி ஸ்மித், டாம்பாவில் டஞ்சியின் உதவியாளராக இருந்தவர். அதுவரை சூப்பர் பௌலில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூட வந்ததில்லை. அன்று இரண்டு பக்கமும் நின்றார்கள். முதல் உதையையே பேர்ஸின் டெவின் ஹெஸ்டர் 92 கெஜம் ஓடி டச்டவுன் ஆக்கினார். அதற்குப் பிறகும் கோல்ட்ஸ் பதறவில்லை. 29–17.

பிளே-ஆஃபில் அவர் தோல்விக்காரர் என்கிறார்களே?

எண் இதோ: லீக் ஆட்டங்களில் 139–69, பிளே-ஆஃபில் 9–10. பத்து வருடம் தொடர்ந்து பிளே-ஆஃப், ஆறு வருடம் தொடர்ந்து 12 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றி, ஆனால் ஒரே கோப்பை. மேனிங் மாதிரி ஆளை வைத்துக்கொண்டு ஒன்றுதானா என்று கேட்பது நியாயம். எதையும் மாற்றாத பிடிவாதம் 2006-ல் கோப்பை தந்தது. அதே பிடிவாதம், எதிரணி ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்த நாட்களில் காலை வாரியும் விட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

அவருடைய சீடர்கள்?

லவ்வி ஸ்மித், ஹெர்ம் எட்வர்ட்ஸ், ஜிம் கால்ட்வெல், ராட் மாரினெல்லி எல்லோரும் பின்னாளில் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். முக்கியமானவர் மைக் டாம்லின். 2001-ல் டாம்பாவில் டஞ்சி வேலைக்கு எடுத்தவர், பிறகு ஸ்டீலர்ஸை நடத்தி சூப்பர் பௌல் வென்றார். பிட்ஸ்பர்க்கில் கற்றது பிட்ஸ்பர்க்குக்கே திரும்பிப் போனது. உதவியாளர்களை ராத்திரி அலுவலகத்தில் படுக்க வைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் சகஜம். டஞ்சி வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவைப்பார்.

சர்ச்சைகளே இல்லையா?

உண்டு. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். 2007-ல் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான தடையை மேடையில் ஆதரித்தார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன மைக்கேல் சாமை 2014-ல் ராம்ஸ் எடுத்தபோது, நானாக இருந்தால் எடுத்திருக்க மாட்டேன், கூடவே வரும் கவனச்சிதறல் வேண்டாம் என்றார். நாய்ச் சண்டை வழக்கில் சிறை சென்ற குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்கைச் சிறையிலேயே போய்ப் பார்த்து, மறுவாய்ப்புக்குத் துணை நின்றவர் இப்படிச் சொன்னது பலருக்கு உறுத்தியது, எனக்கும்தான். 2023-ல் பள்ளி மாணவர்களைப் பற்றிய ஒரு பொய்ச் செய்தியைப் பகிர்ந்து, பிறகு நீக்கி மன்னிப்புக் கேட்டார்.

ஓய்வுக்குப் பிறகு?

2009 ஜனவரியில் 53 வயதில் விலகினார். இன்னும் சில வருடம் தாராளமாக நடத்தியிருக்கலாம். அதன் பின் என்.பி.சி. தொலைக்காட்சியில் விமர்சகர் ஆனார். 2016-ல் இந்த விளையாட்டின் ஜாம்பவான்களுக்கான கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரமிருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

சூப்பர் பௌல் வேண்டாம், மழையில் பந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். 2007 ஜனவரி 21, பேட்ரியாட்ஸ் ஆட்டம். 21–3 ஆனதும் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள்.